நாலு குழி

மாங்குளம் சந்திக்கு வடக்கே, மேற்குக் கரையில்,
தார் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
கோட்டிலிருந்து கானுக்கு ஏழடி.
அந்த ஏழடிக்குள் என்னுடைய தறப்பாள்,
என்னுடைய கதிரை முப்பது,
நாலு கம்பு, நாலு குழி.

கதிரையின் முதுகில் என் பெயர் இருக்கிறது:
தில்லையம்பலம் வாடகைச் சேவை.
அதனால்தான் அழைப்பாணை என் வீட்டுக்கு வந்தது.
முகாமுக்குள் போன காணியைக் கேட்டு
அதில் குந்தியிருக்கிறவர்களின் பெயர்
ஒரு கதிரையிலும் இல்லை.

"வீதியைத் தோண்டியது யார்?"
"நான்தான் ஐயா. ஒரு முழம்.
அலவாங்கும் என்னுடையது."
"யாருடைய அனுமதியோடு?"
சாமத்திய வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்
இருபது வருசமாய்த் தோண்டுகிறேன்,
ஒருவரும் கேட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சட்டத்தரணி கண்ணால் அமர்த்தினார்.

போன தையில் ஒரு கட்டடம் திறக்கப் பெரியவர் ஒருவர் வந்தார்.
அன்றைக்கும் இதே தறப்பாள்தான்.
றோட்டுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.
பதினாறு குழி.
காலை ஏழிலிருந்து பின்னேரம் இரண்டு மட்டும்
பஸ்ஸெல்லாம் காட்டுப் பாதையால் சுற்றிப் போனது.
பொலிஸ்தான் கம்பைப் பிடித்துத் தந்தது.
காசு இன்னும் வரவில்லை.

ஆனால் நூற்றிப் பதினோராம் நாளையும் சொல்ல வேண்டும்.
அன்று கோட்டைத் தாண்டினார்கள்.
கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்
தாரின் நடுவில் வரிசையாய்ப் போட்டார்கள்.
என்னைக் கேட்கவில்லை.
வடக்கே லொறி, தெற்கே லொறி, ஒரே ஹோர்ன்.
லொறிகளுக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல்,
செபநாயகத்தின் ஓட்டோ.
உள்ளே அவன் மகள்,
காலில் புடையன் கடி.
விசயம் முன்னுக்கு வந்து சேர,
கதிரை தூக்க, லொறி ஒதுங்க,
பதினொரு நிமிடம்.

பிள்ளை பிழைத்தாள். கால் இன்னும் இழுக்கிறது.
பாம்பாலா, பதினொரு நிமிடத்தாலா,
டொக்டர் சொல்லவில்லை.
செபநாயகத்தின் காணியும் உள்ளேதான் கிடக்கிறது,
இரண்டு ஏக்கர், கிணற்றோடு.
அதன்பிறகு அவன் கொட்டகைக்கு வருவதில்லை.
வராமலும் இருப்பதில்லை.
ஓட்டோவை எதிர்க் கரையில் நிறுத்திவிட்டு
உள்ளேயே இருப்பான்.
முதல் கதிரையைத் தூக்கிப் போட்ட குணமலர்
தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டுவாள்.
சில நாள் வாங்குவான்.

கட்டளையை நீதவான் வாசித்தார்:
கூடலாம். இருக்கலாம். சத்தமிடலாம், ஒலிபெருக்கி இல்லாமல்.
எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
வீதியைத் தோண்டக் கூடாது, தோண்டியதை மூட வேண்டும்.
எனக்கு மூவாயிரம் தண்டம்.

படியிறங்கும்போது குணமலர் கேட்டாள்,
"அண்ணை, இது எங்களுக்கு வெற்றியோ தோல்வியோ?"
"ஏழடி" என்றேன்.

அன்றிரவே நாலு பெயின்ற் வாளி எடுத்து
சல்லியும் சீமெந்தும் குழைத்துக் கொட்டி
நடுவில் கம்பை நிறுத்தினேன்.
சீமெந்தை ஏற்றி வந்தது செபநாயகத்தின் ஓட்டோ.
கூலி வாங்கினான், எண்ணிப் பார்த்து.

சீமெந்து இறுகிய பிறகு ஒரு மத்தியானம்
கொன்ஸ்டபிள் விஜேகோன் நாடாவோடு வந்தார்.
மூடிய குழிகளைச் சப்பாத்தால் மிதித்துப் பார்த்தார்.
வாளிக்கு வாளி அளந்து கொப்பியில் எழுதினார்.
எல்லாம் கோட்டுக்கு உள்ளே.

மூன்றரைக்குத் தறப்பாளின் நிழல் கோட்டைத் தாண்டியது.
அவர் அதைப் பார்த்தபடி நின்றார், நாடா கையில்.
நாலு மணிக்குத் தாரில் பாதி.
லொறிகள் அதன் மேலால் போயின, ஒன்றும் நிற்கவில்லை.
வெயில் தாங்காமல் அவரும் வந்து
என் கதிரையொன்றில் இருந்தார்.

ஐந்துக்கு அது எதிர்க் கரையில்
ஓட்டோவின் முன் சில்லைத் தொட்டது.
உள்ளே செபநாயகம் இருந்தான்.
நான் வாடகைக் கொப்பியைத் திறந்து எழுதினேன்:
நாள் நூற்றி நாற்பத்தாறு.
கதிரை முப்பது.
பாக்கி.